மூடிய கதவின் அளவு

நான் பல் செய்கிறவள். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் என் மேசையில் உட்கார்ந்து மெழுகிலும் பீங்கானிலும் அதைப் பல்லாக்கித் திருப்பி அனுப்புவேன். இருபத்தாறு வருடமாக முகம் தெரியாத யார் யாரோ என் வேலையை வைத்து மென்றுகொண்டிருக்கிறார்கள். மயிரிழை பிசகினாலும் வாய்க்குத் தெரிந்துவிடும். அதனால் அந்தக் காரை வாங்கும்போது அளவில் கோட்டை விடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பழைய கார். ஒன்பது வயது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, கரும்பச்சை நிறம், உள்ளே தேன் நிறத் தோல் இருக்கைகள். புதிதாக இருந்தபோது அதன் விலையைக் கேட்கவே எங்களுக்குத் தைரியம் வந்திருக்காது. ஓட்டுநர் இருக்கையில் கதவுப் பக்க ஓரம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் அவசரமில்லாமல் இறங்கி ஏறும் ஆள் என்று தோன்றியது. அவசரக்காரர்களின் பல்லே வேறு மாதிரித் தேயும். விற்றவருக்குக் கட்டுப்பல். யார் செய்ததோ, நல்ல வேலைப்பாடு. அதிலேயே பாதி நம்பிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

வீட்டில் காரணங்களை அடுக்கினேன். அதிகம் ஓடாத வண்டி, ஒரே ஆள் வைத்திருந்தது, உதிரிபாகம் கிடைக்கும். ஒரு புடவை எடுத்தாலும் இரண்டு காரணம் சேர்த்துச் சொல்லியே எனக்குப் பழக்கம். பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று மட்டும் என் கணவர் கேட்டார். பை வைக்கலாம் என்றேன். அவருடைய தங்கை, என் நாத்தனார், உடனே ஏறிப் பார்த்தாள். முழங்கால் முகவாய்க்கட்டையைத் தொட்டது.

“அண்ணி, நீ வராதன்னு நேராவே சொல்லியிருக்கலாம். அதுக்கு ஒரு காரா?”

முதல் நாளே மானம் போனது. எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் வண்டி நிறுத்த எங்களுக்கான இடம் இரண்டு தடித்த தூண்களுக்கு நடுவே. தூணுக்குத் தூண் இரண்டு முறை அளந்திருந்தேன். காரின் அகலத்தையும் அளந்திருந்தேன். பக்கத்துக்கு ஒரு சாண் மிச்சம். வழுக்கிக்கொண்டு போய் நிறுத்தினேன். கதவைத் திறந்தால் ஒரு சாணோடு நின்றுவிட்டது. இரண்டு கதவுள்ள வண்டியில் கதவு நீளம். அதன் நுனி சரியாகத் தூணுக்கு நேரே. அந்தப் பக்கமும் அதே கதை. என் தொடைகூட வெளியே போகாது.

மூடியிருக்கும் காரை அளந்திருக்கிறேன். மூடிய வாயை மட்டும் அளந்து பல் செய்தால் பேசும்போது கழன்று விழும் என்று, வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறவள் நான்.

என்னைக் காணோமென்று இறங்கி வந்த கணவர் ஜன்னலில் குனிந்தார்.

“உள்ளயே குடித்தனமா? சாப்பாட்ட இப்படியே நீட்டிடவா?”

பின்னால் எடுத்து, விருந்தினர் இடத்தில் விட்டேன். வார முடிவுக்குள் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார் காவலாளி. தெருவிலும் இடம் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம், அதில் ஒன்றும் தப்பில்லை என்று கணவர் ஆதரவாகத்தான் சொன்னார். சரி என்றேன். அந்த ‘சரி’ எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அடுத்த நாலு நாளும் உறுத்தியது. கொடுத்துவிடுவதற்குக் காரணமே தேவைப்படவில்லை.

ஆறாம் நாள், ஒரு முழுப் பல்வரிசையைத் தாடைபோல் அசையும் கருவியில் பொருத்தித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். முன்பற்கள் அகலமாகப் பிரிந்தன. மூட்டுக்குப் பக்கத்திலுள்ள கடைவாய்ப் பற்களோ கொஞ்சம்தான். தினம் பார்ப்பதுதான். அன்று கை நின்றது.

பல் அச்சு வார்த்து மிச்சமிருந்த மாவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கார் பிடித்தேன். மெழுகில் இரண்டு கதவு, பக்கத்துக்கு ஒரு தூண். முன்பக்கமாக உள்ளே விட்டால் கதவின் நுனி தூணில் இடித்தது. திருப்பிப் பின்பக்கமாக விட்டேன். இப்போது தூண் கீலுக்கு அருகே வந்தது. நுனி தூணைத் தாண்டி வெற்றிடத்தில் விரிந்தது. அவசரப் பல்லுக்காக வந்த மருத்துவர் எட்டிப் பார்த்து, இது யார் தாடை என்றார். என்னுடையது என்றேன்.

ஆனால் தூண்களுக்கு நடுவே பின்பக்கமாக நான் ஓட்டியதே இல்லை. இதற்கு முன் வைத்திருந்த வண்டியை எப்போதும் கணவர்தான் நிறுத்துவார். அன்று மாலை சாவிக்காகக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் ஒரு தூணிலும் நாத்தனார் மறு தூணிலும் நின்று ஒரே நேரத்தில் எதிரெதிர் யோசனை சொன்னார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மூன்று முறை கோணலாகப் போனது. நாலாவது முறை நின்றது. கதவைத் தள்ளினேன், அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கினேன்.

“எக்காம இறங்கறதுக்கு வேற ஆள்தான் வாங்கணும்,” என்றாள் நாத்தனார்.

ஏழாம் நாள் விற்றவர் கூப்பிட்டார். அதிகம் ஓடாத வண்டி என்று ஆரம்பிக்கப் போனேன். கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிடிச்சிருக்குங்க. வச்சுக்கறேன்.”

காரணம் எதுவும் சேர்க்காமல் போனை வைத்தேன்.

இப்போதெல்லாம் எல்லோரையும் வெளியே இறக்கிவிட்டு, நான் மட்டும் பின்பக்கமாக உள்ளே போகிறேன். எஞ்சினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். கணவர் வந்து கண்ணாடியைத் தட்டுவார்.

“மறுபடி மாட்டிக்கிட்டியா?”

“இல்ல. சும்மாதான்.”