ஒன்பதாம் நம்பர் தொட்டி

என்னைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. கைபேசியில் வருகிற கட்டுரைதான், ஆனால் பத்தாயிரம் பேர் படித்துவிட்டார்களாம். அதில் நான் அமைதியை நேசிப்பவன் என்று போட்டிருக்கிறது. எழுதினவள் நல்ல பெண். அவளைத் திட்ட மனசு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், யாரைத் திட்டுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் குடிநீர் வாரியத்தில் வால்வு ஆபரேட்டர். நகரத்துக்கு நடுவில், நாலு பக்கமும் பஸ்ஸும் லாரியும் அலறுகிற இடத்தில், பத்தடி மதிலுக்குள் ஒன்பதாம் நம்பர் தொட்டி இருக்கிறது. தொட்டி என்றதும் மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தொட்டியை நினைக்காதீர்கள். இது பூமிக்குள் கட்டி, மேலே மண்ணைக் கொட்டி, புல் வளர்த்து மூடின தொட்டி. ஒரு கால்பந்து மைதானம் அளவு இருக்கும். மதிலை ஒட்டியே பஸ் ஸ்டாப். அங்கே தினமும் நிற்கிறவர்களுக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே வர முடியும். போனதும் வால்வை நாற்பது சுற்று திறக்க வேண்டும், பத்து மணிக்கு நாற்பது சுற்று மூட வேண்டும். மத்தியானம் ஒரு தடவை அதே மாதிரி. மிச்ச நேரத்துக்கு வேலை என்னவென்றால், இருப்பது. ரிலீஃபுக்கு வருகிற ஆள் நோட்டில் கையெழுத்துப் போடும்வரை நான் கேட்டைத் தாண்டக் கூடாது. வீடு தீப்பிடித்தாலும் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் மணிக்கொரு தரம் தண்ணீர் மட்டத்தைப் போனில் சொல்ல வேண்டும். எடுக்கிற அம்மா "சாப்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அப்புறம் மட்டத்தைத் தானே அனுப்புகிற கருவி ஒன்றை வைத்தார்கள். அந்த "சாப்டீங்களா"வும் போயிற்று.

இதில் கொடுமை என்னவென்றால், நான் பிறவி வாயாடி. இங்கே வருவதற்கு முன்பு குழாய் பதிக்கிற கேங்கில் இருந்தேன். பத்து பேர் தோண்டுவார்கள், நான் பேசுவேன், நானும் கொஞ்சம் தோண்டுவேன். ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகு பிடித்துக்கொண்டதும், பாவம் என்று இந்தத் தொட்டியில் போட்டார்கள். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று அத்தனை பேருக்கும் வயிற்றெரிச்சல். ரேடியோவைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. பதினோரு வருஷம்.

போன தை மாதம்தான் துணிந்து ஒரு மனு எழுதினேன். தலைமை அலுவலகத்தில் புகார் கவுண்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்கள் வரிசையில் நின்று, தண்ணீர் வரவில்லை என்று திட்டுவார்கள். அந்த நாற்காலிக்கு யாரும் போக மாட்டார்கள். நான் கேட்டேன். திட்டட்டுமே! திட்டுவதற்கு முன்னால் மூஞ்சியைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். இடமாற்ற ஃபைல் கையெழுத்துக்குப் போய்விட்டது, அடுத்த மாதம் ஆர்டர் என்று கிளார்க் சொன்னார். மனைவியிடம் சொல்லவில்லை. மூச்சு முட்டுகிறது, அதனால் மாற்றல் கேட்டேன் என்று சொன்னால், எத்தனை நாளாக முட்டுகிறது என்று கேட்பாள். ஆர்டர் கையில் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நடைக்காரம்மா வந்தாள். நகரத்தில் யாருக்கும் தெரியாத மூலைகளைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பெண். மூடிப்போன ரயில் பாதை, மில்லுக்குப் பின்னால் இருக்கிற மூங்கில் காடு, இப்படி. மேலிடத்தில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, பதினாலு பேரோடு ஒன்பது மணிக்கு என் கேட்டில் வந்து நின்றாள். பதினொன்றுக்குள் வெளியேற வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

உள்ளே வந்ததும் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். "இங்க இப்படி ஒரு எடமா!" என்றார் ஒருவர். நான் வழக்கமாகப் பார்க்கிற புல்லைத்தான் அவர்களும் பார்த்தார்கள், ஆனால் கண்ணில் தண்ணீர் வராத குறை.

நடைக்காரம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணா, நாள் முழுக்க இங்க நீங்க தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மடை திறந்துவிட்டது. மீன்கொத்தி மண்மேட்டில் பொந்து தோண்டினதைச் சொன்னேன். ஆணும் பெண்ணும் மாறி மாறித் தோண்டினது, முதல் பொந்தில் கல் இடித்ததால் விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளி மறுபடி ஆரம்பித்தது, எல்லாம். காற்றுக்குழாய்க்குள் குடியிருக்கிற ஆந்தை எந்தக் கண்ணை முதலில் திறக்கும் என்று சொன்னேன். மதில் விரிசலில் முளைத்த அத்திச் செடிக்கு எத்தனை இலை என்றுகூடச் சொன்னேன். வேறு என்ன செய்வது? பார்ப்பதற்கு அங்கே வேறொன்றும் இல்லை. ஜெயிலில் இருக்கிறவனுக்குச் சுவரில் எத்தனை செங்கல் என்று தெரியாதா?

கிழக்கு மூலையில் நாணல் வளர்ந்த சின்னக் குட்டை ஒன்று இருக்கிறது. தட்டான்கள் பறந்துகொண்டே இருக்கும். "அண்ணா, இது ஊற்றா?" என்றாள்.

"ஊத்தெல்லாம் இல்லம்மா. லீக்கு. ஏழு வருஷமா எழுதிக் குடுத்துட்டிருக்கேன், யாரும் வந்து அடைக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். வடக்குச் சரிவில் புல் இடுப்பளவு இருக்கிறதே என்று கேட்டார்கள். வெட்டுகிற மிஷின் ரிப்பேர் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு ஜோராக இருந்தது. நான் சொல்லச் சொல்லச் சிரிக்கிற பதினாலு வாய்! மணி பதினொன்றானதும், இருக்கச் சொல்லிக் காலில் விழலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன்.

பத்து நாள் கழித்து நடைக்காரம்மா எழுதின அந்தக் கட்டுரை வந்தது. பூச்சிகள் முட்டையிடுவதற்காக நான் வடக்குச் சரிவில் புல்லை வெட்டாமல் காக்கிறேனாம். குட்டையைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கிறேனாம். படித்துவிட்டு நானும் சிரித்தேன். அந்த வாரமே பெரிய இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். ஆர்டர்தான் என்று, ரிலீஃப் ஆளிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"வாய்யா, வா. இப்படி ஒரு ஆளு நம்மகிட்ட இருக்கறது எனக்கே தெரியாம போச்சே" என்று எழுந்து வந்து கை கொடுத்தார். "எவனோ உன்னத் தூக்கிப் புகார் கவுண்ட்டர்ல போடப் பாத்திருக்கான். நல்லவேள, ஃபைல் என் டேபிளுக்கு வந்துச்சு. கேன்சல் பண்ணிட்டேன்."

"சார், அது நானே எழுதிக் குடுத்தது சார்."

"தெரியும்யா. அங்க போக வேண்டிய எவனாவது அழுதிருப்பான், நீ பாவம்னு விட்டுக் குடுத்திருப்ப. உன்ன மாதிரி மனுசன அந்தச் சந்தக்கடைல உக்கார வச்சா செத்துருவ. உன் சம்சாரமே சொல்லியிருக்காங்களே, படி."

கட்டுரையின் கடைசியில் ஒரு பகுதியை நான் படிக்காமல் விட்டிருந்தேன். நடைக்காரம்மா என் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். 'அவருக்கு அமைதின்னா உயிர். வீட்டில்கூட ஒரு வார்த்தை அதிகமாகப் பேச மாட்டார். அந்த இடத்தை விட்டு அவரால் இருக்கவே முடியாது என்கிறார் அவர் மனைவி.'

"ரிட்டையர் ஆகுற வரைக்கும் உன்ன அங்கேருந்து யாரும் அசைக்க முடியாது. நான் நோட் போட்டுட்டேன்" என்றார் இன்ஜினியர். ரிட்டையர் ஆக இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவி ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காருகிறவள். எத்தனாவது மாடி, எந்த டாக்டர், எப்போது வருவார் என்று நாளெல்லாம் பதில் சொல்லிவிட்டு வருவாள். எங்கள் வீட்டில் சத்தமே இருக்காது. நான் சாப்பிடுவேன், பேப்பர் பார்ப்பேன், "ம்" என்பேன். அன்றைக்கு அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"என்னங்க, அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. உங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொன்னேன். ஆபீஸ்ல பாராட்டினாங்களாமே?"

"ம்."

"சந்தோஷந்தானே?"

"ம்."

அந்த இரண்டாவது "ம்" வெளியே வந்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. பழகிப்போன வாய். இவளிடம் கோபப்படவும் முடியவில்லை. பதினோரு வருஷமாக அவள் பார்த்ததைத்தானே சொன்னாள்.

இனி மாதம் ஒரு நடை இங்கேயே என்று ஏற்பாடு. அடுத்த நடைக்கு முப்பது பேர் வந்தார்கள். நான் காலையிலேயே முகம் கழுவி, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். மீன்கொத்தி வேறு குஞ்சு பொரித்திருந்தது. பதினாலு வருஷமானாலும் மாதத்தில் இரண்டு மணி நேரம் பேசக் கிடைத்தால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கேட்டைத் திறந்ததும் முப்பது பேரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, பூனை மாதிரி உள்ளே நுழைந்தார்கள். நடைக்காரம்மா என் காதருகில் வந்து, "அண்ணா, போன தடவ உங்களப் பேச வச்சே படுத்திட்டோம். அக்கா சொன்னப்பறந்தான் புரிஞ்சுது. இன்னிக்கு அமைதி நடை. ரெண்டு மணி நேரம் யாரும் வாயத் தொறக்க மாட்டோம். உங்களுக்காகத்தான்" என்று கிசுகிசுத்தாள்.

கடைசியாக வந்தவள் என் மனைவி. அவளைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் அவள் இந்த கேட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அவளும் உதட்டில் விரல் வைத்திருந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது கண்ணாலேயே சிரித்தாள். அவ்வளவு பெருமை அந்தக் கண்ணில்.

முப்பது பேர் என் முன்னால் நடக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. நான் தனியாக இருக்கும்போதுகூட அந்த இடம் அப்படி இருந்ததில்லை. பொந்துப் பக்கம் என் மனைவி நின்றபோது தாங்க முடியாமல் ஓடிப்போய், "இங்க பாரு, இதுக்குள்ள அஞ்சு குஞ்சு இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ்" என்றாள் நடைக்காரம்மா செல்லமாக. "அண்ணா, நீங்களேவா?"

எல்லாரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். என் மனைவியும் விரலை மறுபடி உதட்டில் வைத்து, தலையை ஆட்டினாள். நான் வால்வு ரூமுக்குள் போய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றுக்கு எல்லாரையும் வெளியே அனுப்பி, நானே கேட்டைப் பூட்டினேன். அவர்கள் கும்பிட்டார்கள், கை அசைத்தார்கள், பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினார்கள். மனைவியின் முதுகு தெரிந்தது. இப்போது சொல்லாமல் விட்டால் இன்னும் பதினாலு வருஷம் இப்படியேதான் என்று தோன்றியது.

"இந்தா, நில்லு!" என்று கத்தினேன். "எனக்கு இந்த எடம் பிடிக்கல!"

பஸ் ஹாரனில் பாதிதான் கேட்டிருக்கும். அவள் திரும்பிக் கம்பிக்கிட்டே வந்தாள். "என்னது?"

"பிடிக்கல. பதினோரு வருஷமா பிடிக்கல. மாத்தச் சொல்லி நாந்தான் எழுதிக் குடுத்தேன். நீ சொன்னதப் படிச்சிட்டு கேன்சல் பண்ணிட்டாங்க."

அவள் முகம் செத்துப்போயிற்று. "அய்யோ. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? வீட்ல வாயே தொறக்க மாட்டீங்களே!"

"நீதான சும்மா இருக்கச் சொன்ன."

"நானா? எப்ப?"

"நீ ஆஸ்பத்திரி வேலைல சேந்த மொத வாரம். நானும் தொட்டிக்கு வந்த புதுசு. நான் செருப்பக் கழட்டும்போதே பேச ஆரம்பிச்சேன். நாள் முழுக்கப் பேசிட்டு வர்றேன், வீட்லயாவது கொஞ்சம் சும்மா இருங்களேன்னு சொன்ன."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அன்னிக்கா? அன்னிக்கு எனக்குத் தலவலிங்க" என்றாள்.

எங்கள் வாரியத்தில் ஒரு உத்தரவு வந்தால், அதை ரத்து செய்து இன்னொன்று வரும்வரை அதுதான் சட்டம். நானும் அப்படியே இருந்துவிட்டேன். அவள் ரத்து செய்வாள் என்று நான் காத்திருந்தேன், அப்படி ஒரு உத்தரவு போட்டதே அவளுக்குத் தெரியாது.

நடைக்காரம்மா திரும்பி வந்து, "அக்கா, ஏதாவது பிரச்சனையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க போங்கம்மா, நான் அப்பறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, என் மனைவி அங்கேயே நடைபாதையில், கேட்டை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சொல்லுங்க" என்றாள்.

சாவி என் கையில்தான் இருந்தது. நான் வெளியே போகக் கூடாது, அவள் உள்ளே வருகிற நேரம் முடிந்துவிட்டது. ரிலீஃப் வர இன்னும் ஏழு மணி நேரம். கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் தரையில் உட்கார்ந்தேன்.