இது கொறற்றிதான் என்று சொல்ல ஒருவர்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வியை நான் எழுதவில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் இணையப் படிவத்தில் அது இருந்தது. அயலவர் ஒருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போன இடத்தில் கண்டேன். நினைவிலிருந்து எழுதுகிறேன்: ‘இப்போதுள்ள கடவுச்சீட்டின் படத்தைக் கொண்டு உங்களை அடையாளம் காண முடியுமா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். அயலவர் அரை விநாடியில் ‘ஆம்’ என்றார். நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாத ஒருவர் இருந்தால்?

அப்படித்தான் கொறற்றி வந்தார். ஐம்பத்திரண்டு வயது. மன்னாரில் பிறந்து, லண்டனில் பதினாறு வருடம் இருந்து, கணவனோடும் மகளோடும் பிராங்பேர்ட்டுக்கு வந்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன் அவருடைய இடது காதுக்குக் கீழே ஒரு கட்டியை எடுத்தார்கள். அது முக நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்ததால் நரம்பையும் எடுக்க வேண்டியிருந்தது. நோய் போய்விட்டது. ஆனால் முகத்தின் இடது பாதி அசைவதில்லை. புருவம் இறங்கிவிட்டது, வாய் வலப்பக்கம் இழுபட்டிருக்கிறது, இடது கண் முழுதாக மூடாது.

சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் அந்த இரண்டு வட்டங்களையும் பார்த்தார்.

“ஓம் எண்டு போடன்,” என்றார் கணவர் இராயப்பு. விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். “எனக்கு நீ அதே ஆள்தான்.”

“உங்களிட்டயே அது கேக்குது?”

“இல்லை எண்டு போட்டா, ஆரையோ சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வா எண்டும். வீண் கரைச்சல்.”

மகள் பிறின்சிக்கு இன்னும் ஏழு வாரத்தில் லண்டனில் கலியாணம். கொறற்றியின் கடவுச்சீட்டு அதற்கு முன்பே காலாவதியாகிறது. ஆகவே ஏதோ ஒரு வட்டத்தை அழுத்தத்தான் வேண்டும்.

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன்.

குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த கொறற்றி,

[நிறுத்திவிட்டேன். முகம் மாறியவரைக் கண்ணாடி முன் நிறுத்துவது எழுதுகிறவருக்குத்தான் வசதி. அவர் அங்கே நிற்பதில்லை. பல்லைத் தீட்டிவிட்டு வந்துவிடுவார்.]

மன்னாரிலிருந்து பிராங்பேர்ட் வரை அவர் கடந்து வந்த எல்லைகள் எல்லாவற்றிலும்

[இதுவும் வேண்டாம். ஒரு படிவத்தை நிரப்ப இவ்வளவு வரலாறு தேவையில்லை.]

நான் இப்படி அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்க, கொறற்றி என்னைவிடக் கெட்டித்தனமாக ஒன்று செய்தார். பரிசோதித்துப் பார்த்தார். தபாலில் வந்த பொதியை எடுக்கும் கடைக்குப் போய், அடையாளத்துக்கு அந்தப் பழைய கடவுச்சீட்டையே நீட்டினார். அங்கே நின்றவர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“வேற ஏதும் அடையாளம் இருக்கோ எண்டு கேட்டவர்,” என்று இராயப்புவிடம் சொன்னார். “பாவம், அந்த மனுசன் கேக்கவும் வெக்கப்பட்டது.”

அன்று மாலை ‘இல்லை’ என்ற வட்டத்தை அழுத்தினார்.

3

‘இல்லை’ என்று அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்க விடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

படிவம் இப்போது மூன்றாவது ஆள் ஒருவரைக் கேட்கும். அவர் உங்களைக் குறைந்தது இரண்டு வருடமாக நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும். இரத்த உறவோ மண உறவோ இருக்கக் கூடாது. ஒரே வீட்டில் வசிக்கக் கூடாது. ஆசிரியர், பொறியியலாளர், வங்கி அலுவலர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அப்படியொரு தொழிலில் இருக்க வேண்டும்.* அவருக்கு ஓர் இணைப்புப் போகும். திறந்தால் உங்கள் புதிய படம் வரும். இது இன்னார்தானா என்று கேட்கும். அவர் தன்னுடைய கடவுச்சீட்டு எண்ணையும் கொடுத்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

* தொழில் எதற்கு என்று யோசித்தேன். அந்தத் தொழில்களில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்று படிவம் நம்புவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களைத் தேடிப் பிடிக்கலாம். பொய் சொன்னால் அவர்களுக்கு இழக்க ஒன்று இருக்கும்.

இராயப்பு ஏன் ஆகாது என்பதும் இப்போது விளங்கும். உலகத்தில் கொறற்றியை அதிகம் அறிந்தவர் அவர்தான். ஆனால் மனைவியின் எந்தப் படத்தைக் காட்டினாலும் “ஓம், அவதான்” என்பார். எதற்கும் ஓம் சொல்லும் கருவியால் எதையும் அளக்க முடியாது.

கணவனும் மனைவியும் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினார்கள். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், அறிந்து இரண்டு வருடம் ஆகவில்லை. தமிழ்ப் பூசை வைக்கும் குருவானவர், வந்து பத்து மாதம். மேல்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை குடிவந்தது போன பங்குனியில். மற்றவர்கள் எல்லாரும் இராயப்புவின் சொந்தம்.

நானே ஒருவரை உண்டாக்கிக் கொடுத்திருக்கலாம். கீழ்வீட்டில் ஒரு பல்வைத்தியர், பன்னிரண்டு வருடப் பழக்கம், ஒரே வரியில் முடிந்திருக்கும். ஆனால் அறியாத ஒருவரை ‘அறிவேன்’ என்று எழுதவைப்பதைத்தானே படிவம் குற்றம் என்கிறது? கதை என்பதற்காக அது வேறொன்றாகிவிடாது. என்னுடைய பெயரையும் கொடுக்க முடியாது. கொறற்றியை நான் அறியத் தொடங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

4

இங்கே எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிறின்சி தொலைபேசியில் பேசியிருந்தாள்.

“அம்மா, படக்காரரோட கதைச்சிட்டன். உங்களை வலப்பக்கத்தால மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.”

“நல்லது, பிள்ளை.”

“அவ்வளவா ஒண்டும் தெரியாதம்மா. உண்மையா.”

“ஓம், பிள்ளை.”

அதற்குப் பிறகு மூன்று நாட்கள் மடிக்கணினி திறக்கப்படவில்லை. உறையில் புதிய பெயர் எதுவும் ஏறவில்லை. அப்போதுதான் கேட்டுக்கொண்டேன். கொறற்றிக்கு உண்மையிலேயே ஓர் ஆள் கிடைக்கவில்லையா? அல்லது கிடைக்காமல் போனால் நல்லது என்று இருக்கிறாரா? கடவுச்சீட்டு வராவிட்டால் யாரையும் நோகடிக்காமல் கலியாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். படிவத்தின்மேல் பழியைப் போடலாம்.

இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தேன். இராயப்புவுக்கு வேலை இருக்கிறது. கொறற்றிக்கு இல்லை. அவர் பகலில் என்ன செய்தார் என்று நான் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது கேட்டேன். விடை உடனே வந்தது. அறுவைச் சிகிச்சை வரை பதினொரு வருடம் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்திருக்கிறார். வருகிறவர்களுக்குச் சட்டகத்தை மாட்டி, மேசைக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டி, பொருந்துகிறதா என்று சொல்லும் வேலை. கடைக்காரி சுந்தரேஸ்வரி, கொறற்றியைவிட எட்டு வயது இளையவர், யாழ்ப்பாணத்து ஆள், ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், சொந்தம் எதுவும் இல்லை. பட்டியலில் கண்ணாடித் தொழிலும் இருக்கிறது.

இன்னும் ஒன்று. கடவுச்சீட்டுப் படத்தில் மூக்குக்கண்ணாடி போடக் கூடாது. கொறற்றியோ பள்ளிக்கூட நாளிலிருந்து அதைக் கழற்றாதவர். வெறும் முகத்தை வீட்டுக்கு வெளியே நன்றாக அறிந்த ஒரே ஆள், அவருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவர்தான்.

அறுவைக்குப் பிறகு சுந்தரேஸ்வரி இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும் கொறற்றி அறைக்குள் இருந்துகொண்டு, நித்திரை என்று இராயப்புவைச் சொல்லவைத்தார்.

5

“சுந்தரியின்ர பேரைக் குடுப்பமே?” இராயப்புதான் கடைசியில் வாய்விட்டுக் கேட்டார். “நேரில போகத் தேவையில்லை. லிங்க் தானே போகும்.”

அந்தக் கடைசி வசனத்துக்காகவே கொறற்றி சம்மதித்தார். ஒரு குறுஞ்செய்தி எழுதி, சம்மதம் கேட்டு, பெயரைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இணைப்புப் போனது. சனிக்கிழமை மத்தியானம் சுந்தரேஸ்வரி அழைத்தார்.

“அக்கா, லிங்க் வந்தது.”

“ஓம் எண்டு அமத்தியாச்சோ?”

“இல்லை.”

“நேரமில்லையோ?”

“அதில உங்கட படம் வருது. இது அவதானோ எண்டு கேக்குது. கோவிக்காதேங்கோ அக்கா. பெரிசாக்கியும் பாத்தனான். பேரை மறைச்சுப்போட்டுக் காட்டியிருந்தா நீங்களெண்டு சொல்லியிருக்க மாட்டன்.”

கொறற்றி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“பொய்யா அமத்த ஏலாது. ஒருக்காக் கடைக்கு வாங்கோவன். நேரில பாத்துச் சொல்லுறன்.”

“பாத்தும் தெரியாட்டி?”

“தெரியுமட்டும் பாப்பம்.”

6

(ஒரு முடிவு. இங்கேயே நிறுத்தலாம். கொறற்றி தொலைபேசியை வைக்கிறார். மனம் நொந்து படிவத்தை மூடுகிறார். கலியாணம் அவர் இல்லாமல் நடக்கிறது. இதை எழுதியும் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். வாசித்தவர்கள் அழுதிருப்பார்கள்.)

ஆனால் அவர் மனம் நோகவில்லை. அது எனக்கே எதிர்பாராதது. சோபாவில் சாய்ந்து இருந்து, வெகுநாளைக்குப் பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

“என்னவாம்?” என்றார் இராயப்பு.

“என்னைத் தெரியேல்லையாம்.”

“அவளுக்கென்ன விசரே?”

“இல்லை. அவள் ஒருத்திதான் உண்மை சொல்லுறாள்.”

பதினான்கு மாதமாகக் கணவர் அதே முகம் என்கிறார். மகள் அவ்வளவாகத் தெரியாது என்கிறாள். மருத்துவர் நல்ல பலன் என்கிறார். எல்லாரும் அன்பாகச் சொல்ல, தான் மட்டும் வேறொன்றைச் சுமந்துகொண்டு திரிவதாகக் கொறற்றிக்குப் பட்டிருக்கிறது. இப்போது அதை இன்னொருவரும் கண்டிருக்கிறார்.

7

புதன்கிழமை காலை எட்டரைக்கு, கடை திறக்க ஒரு மணி நேரம் முன், கொறற்றி எஸ்-பான் ரயிலிலிருந்து இறங்கி நடந்து போனார்.

சுந்தரேஸ்வரி கடைக்குள் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

[அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. கண்ணாடிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.]

சுந்தரேஸ்வரி கதவைத் திறந்தார். பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை, அழவும் இல்லை.

“இதென்ன அக்கா, கண்ணாடி கோணிக்கொண்டு நிக்குது?”

“முகமே கோணல். நீர் கண்ணாடியைப் பற்றிக் கதைக்கிறீர்.”

“அதுக்கு முகம் தேவையில்லை. ஒரு மூக்கும் இரண்டு காதும் காணும். இருங்கோ.”

மேசையில் வாடிக்கையாளர் இருக்கும் பக்கத்தில் கொறற்றி இருந்தது குறைவு. சுந்தரேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். இடது காதுத் தண்டு தழும்பில் முட்டாமல் வெளியே வளைக்கப்பட்டிருந்தது.

“ஆர் வளைச்சது?”

“நான்தான். தலைமயிர் காயவைக்கிற மெசினால.”

“பதினொரு வருசம் இஞ்ச நிண்ட ஆள் செய்யிற வேலையே இது?”

“நொந்தது. வேற என்ன செய்ய?”

கண்ணாடி பொருத்துவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சூடான காற்று ஊதும் சிறிய பெட்டிக்கு மேலே தண்டைப் பிடிக்க வேண்டும். இளகியதும் விரலால் வளைத்து, ஆற விட்டு, மாட்டிப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பார்க்க வேண்டும், மேலிருந்து பார்க்க வேண்டும், காதுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். கழற்றி, மறுபடியும் சூடாக்க வேண்டும். ஆறேழு தடவை, ஒரு முழத் தூரத்தில். இந்தத் தொழிலில் உள்ள வசதி இது. ஒருவருடைய முகத்தை இருபது நிமிடம் உற்றுப் பார்த்தாலும் அது மரியாதைக் குறைவாகாது.

“கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறனீங்களோ?”

“நாளுக்கு ஆறு தரம்.”

“சிரியுங்கோ பாப்பம்.”

“பாஸ்போட் படத்துக்குச் சிரிக்கக் கூடாதாம்.”

“இது அதுக்கில்லை. சிரிச்சா கன்னம் சட்டத்தைத் தூக்குதோ எண்டு பாக்க வேணும்.”

“அரைவாசிதான் வரும்.”

“அரைவாசி காணும்.”

கொறற்றி சிரித்தார். வலது கன்னம் ஏறியது, இடது கன்னம் இருந்தபடி இருந்தது. சுந்தரேஸ்வரி குனிந்து இரண்டையும் பார்த்தார். பிறகு தண்டை இன்னொரு தடவை சூடாக்கினார். கடைசியாக மாட்டியபோது கண்ணாடி நேராக நின்றது. தழும்பில் முட்டவில்லை. அவர் அதை மறுபடியும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெறும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு டிராம் போய், இன்னொன்று வந்தது. பிறகு கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

“இப்ப பேரை மறைச்சுப்போட்டுக் காட்டினாலும் சொல்லுவன்,” என்றார்.

8

கடவுச்சீட்டு நேரத்துக்கு வந்ததா, லண்டன் தேவாலயத்தில் படக்காரர் எந்தப் பக்கத்தில் நின்றார், பிறின்சியிடம் கொறற்றி ஏதாவது சொன்னாரா என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது. அவரை நான் அறியத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும், அவருக்கு ஆறுதலாகப் பொய் சொல்கிற எவரையும் அதில் சேர்க்காதீர்கள்.

என்னிடம் இருப்பது தீர்வு. உங்களுக்கும் ஒருநாள் தேவைப்படலாம் என்பதால் ஒழுங்காகச் சொல்கிறேன். பழைய படத்தில் உங்களை அடையாளம் காண முடியாது என்றால் ‘இல்லை’ என்று போடுங்கள். பழைய முகத்தை நன்றாக அறிந்த, சொந்தமில்லாத, பொய் சொல்லாத ஒருவரின் பெயரைக் கொடுங்கள். பிறகு நேரில் போய் அவருக்கு எதிரே இருங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை எழும்ப வேண்டாம்.