எண் பலகை இல்லாத வண்டி

சமாதானம் பேச வந்த பெரியவர் அபூ ஸக்ர் காப்பிக் கிண்ணத்தை வாங்கினார். உதட்டருகே கூடக் கொண்டு போகாமல் முன்னால் இருந்த முக்காலியில் வைத்துவிட்டார். கூட வந்த பதினோரு பேரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் குடிக்காமல் அடுத்தவருக்கு ஊற்றுவது இல்லை. வந்த காரியம் முடியாமல் அவர் குடிப்பதும் இல்லை. "குடிங்க" என்று வீட்டுக்காரன் வாயிலிருந்து வந்துவிட்டால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம், அதற்குப் பிறகு கையெழுத்து ஒரு சம்பிரதாயம்தான். சொல்ல வேண்டியவன் நிதால். வழக்கப்படி அவனுடைய அண்ணன் பாஸிம்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காலையிலேயே நிதால், "நானே பேசிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே" என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். ஸர்கா நகரத்தின் அந்தத் தெருவில் மதிய வெயில் இன்னும் இறங்கவில்லை. கூடத்துக்குள் ஆண்கள், உள்ளறைக் கதவுக்குப் பின்னால் பெண்கள். கதவு விரலளவு திறந்திருந்தது. அந்த இடைவெளியில் மனைவி ஹியாம் நிற்கிறாள் என்பது நிதாலுக்குப் பார்க்காமலே தெரிந்தது. மூன்று நாளாக அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதாள், தூங்கினாள், வந்தவர்களைக் கட்டிக்கொண்டாள். அவன் பக்கத்தில் வந்தால் மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தப்பு எங்களுது" என்று ஆரம்பித்தார் அபூ ஸக்ர். கரகரத்த குரல். இந்த மாதிரி நாற்பது வீட்டு வாசல்களை மிதித்த மனிதர். "அபூ தாலீன், உம்மோட துக்கம் எங்க துக்கம். பையன் யஸன் மூணு நாளா லாக்கப்ல கிடக்கான். இருபத்தி மூணு வயசு. சோறு இறங்கல. தப்பு பூராவும் எங்க தலையில. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறோம்."

அபூ தாலீன். தாலீனின் அப்பா. அந்த ஊரில் பிள்ளை பெற்றவனைப் பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை போன பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

தப்பு பூராவும் எங்க தலையில என்றாரே, அது சல்லிக்காசு பெறாது என்று நிதாலுக்குத் தெரியும். சாலையில் ஓர் உயிர் போனால், யார் பக்கம் நியாயம் என்று இந்த ஊர் முதலில் கேட்காது. வண்டிக்காரன் வீட்டார் செத்தவர் வீட்டுக்கு வர வேண்டும், தப்பு எங்களுது என்று சொல்ல வேண்டும். அது மரியாதை. நிதாலுக்கு மரியாதை வேண்டாம். அந்தத் தப்பு நிஜமாகவே அவர்களுடையதாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

பதினேழு வருஷமாக அவன் டிரைவிங் வாத்தியார். எதிரே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரில் நாலு பேர் அவனிடம் கிளட்ச் மிதிக்கக் கற்றவர்கள். சாலை விதி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் பெருநாளைக்கு மகளுக்காக அந்த மின்சார ஸ்கூட்டரை வாங்கி வந்த அன்று ஹியாம் அவனிடம் கேட்டாள்:

"இதைப் புள்ளைங்க ரோட்டுல ஓட்டலாமா? சட்டம் விடுதா?"

"நம்பர் பிளேட் இல்லாதது வண்டியே இல்லடி. வண்டி இல்லாததுக்கு என்ன சட்டம்? எனக்கா பாடம் எடுக்குற?" என்று சிரித்தான். தாலீனும் சிரித்தாள். பதினோரு வயது. அப்பாவுக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிற கடைசி வயது அது. தெருமுனையில் இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், திரும்பும்போது கையை நீட்டு என்று மூன்று சாயங்காலம் கூடவே ஓடிச் சொல்லிக் கொடுத்தான். நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

விபத்துக்குப் பிறகு காவல் நிலையத்தில் படிவத்தை நிரப்பிய சார்ஜென்டுக்கும் அதே சங்கடம்தான் வந்தது.

"வாத்தியாரே, வாகன வகைன்னு ஒரு கட்டம் இருக்கு. நம்பர் பிளேட் இருக்கா?"

"இல்ல."

"இன்சூரன்ஸ்?"

"இல்ல."

"அப்ப விளையாட்டுச் சாமான்னு எழுதட்டுமா?"

"எழுதுங்க."

பேனா கொஞ்ச நேரம் நின்றது. "விளையாட்டுச் சாமான் ரோட்டுல என்ன பண்ணிச்சு வாத்தியாரே?"

குத்திக்காட்டவில்லை அந்த ஆள். அவனுக்குக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். விபத்து வரைபடத்தை அவன் மேசைமேல் விரித்தபோது, நிதால் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே படித்துவிட்டான். மாணவர்களுக்கு எத்தனை வரைபடம் போட்டிருப்பான். சின்ன அம்பு ஒன்று சந்திலிருந்து வெளியே வருகிறது. பெரிய அம்பு தன் வழியில் நேராகப் போகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பெருக்கல் குறி. அந்தச் சாமான் தெருவில் வரவே கூடாது, குழந்தை கையில் கொடுக்கவே கூடாது, பொறுப்பு கொடுத்தவருடையது என்று சார்ஜென்ட் கீழே எழுதினான். எழுதி முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தான்.

அதற்கப்புறமும் மனசு ஆறாமல் நிதால் அந்த இடத்துக்குப் போய், தார்மேல் இழுத்திருந்த டயர்த் தடத்தைக் காலடி வைத்து அளந்தான். பதினொன்றரை அடி. யஸன் ஓட்டியது கேஸ் சிலிண்டர் வண்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஊர்ந்து போகிற வண்டி. அந்தத் தடம் முப்பதைத் தாண்டாத வேகத்தின் தடம். பார்த்த கணத்தில் பிரேக்கை அழுத்தியிருக்கிறான். அவனுக்கு வண்டி சொல்லிக் கொடுத்தவன் யாரோ, ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"நிதாலு," பாஸிம் காதோரம் கிசுகிசுத்தான். "சொல்லுடா. பெரிய மனுஷன் எவ்வளவு நேரம் காத்துட்டு இருப்பாரு?"

நிதால் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த யஸனின் அப்பாவைப் பார்த்தான். அபூ யஸன். சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க. உங்க பையன் என்ன தப்பு பண்ணான்?"

கூடம் விறைத்தது. இப்படிக் கேட்பது வழக்கமே இல்லை. அபூ ஸக்ர் கையை உயர்த்தினார். "அபூ தாலீன், அவரு சார்பாத்தான் நான்..."

"அவரு சொல்லட்டும்."

அபூ யஸன் எழுந்து நின்றார். வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளைபோலக் கையை முன்னால் கோத்துக்கொண்டார்.

"வேகமா வந்தான்" என்றார். நிறுத்தினார். "பாக்காம வந்தான்." மறுபடி நிறுத்தினார். "வேற என்ன சொல்லணும்னு சொல்லுங்க, சொல்றேன். என் பையனை மட்டும் விட்டுடுங்க."

கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. அந்த மனிதர் சொல்கிற இரண்டுமே பொய், பொய் என்று இருவருக்குமே தெரியும். மகனைக் காப்பாற்ற மகன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நிதாலுக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அப்படிப் பொய் சொல்லி மீட்க அவருக்கு ஒரு பிள்ளை இருக்கிறான். அப்புறம் வெட்கம் வந்தது, இத்தனை பேர் நடுவில் ஒரு தகப்பனை எழுப்பி நிற்க வைத்த வெட்கம்.

இப்போது குடிக்கச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. பன்னிரண்டு பேரும் அந்தத் தப்பை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது வேறு எங்கும் போகாது. இந்த வீட்டிலேயே, இதே கூடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

"உக்காருங்க அபூ யஸன்" என்றான். "உங்க பையன் மேல தப்பில்ல. நீங்க காப்பியைக் குடிங்க அபூ ஸக்ர்."

அபூ ஸக்ர் ஒரே மடக்கில் குடித்தார். கூடம் முழுக்க மூச்சு விட்டது. "அல்லா உமக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்" என்று ஆளாளுக்குத் தோளில் முத்தமிட்டார்கள். யஸனை விடுவிக்கச் சம்மதக் காகிதம் வந்தது, நிதால் கையெழுத்துப் போட்டான். பாஸிம் அவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போனான். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஒருவன் கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியைக் குலுக்கினான். பழக்க தோஷம், நிதாலின் கால் தரையை அழுத்தியது.

உள்ளறையில் இருந்த பெண்களும் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள். ஹியாம் கூடத்துக்கு வந்தாள். கறுப்பு உடை. முகம் வீங்கியிருந்தது.

"பெருந்தன்மையா மன்னிச்சிட்டீங்க" என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

"அவன் என்ன பண்ணான் மன்னிக்கிறதுக்கு?" என்றான் நிதால்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒண்ணும் பண்ணாத பையனுக்காகப் பன்னெண்டு பேர் வந்து தலையைக் குனிஞ்சாங்க. நான் கேட்டேனே, ஓட்டலாமான்னு. என்ன சொன்னீங்க? சனிக்கிழமை காலைல யாரு சொன்னா, சாவியைக் குடு, புள்ள ஒரு நிமிஷத்துல கடைல ஃபலாஃபில் வடை வாங்கிட்டு வந்துடும்னு?"

"நான்தான்."

"எங்கிட்ட யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க?"

நிதால் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அபூ ஸக்ர் உட்கார்ந்த நாற்காலி அது. உட்கார்ந்த பிறகுதான் கவனித்தான்.

"யாருமில்ல ஹியாம். நான் மட்டுந்தான் வந்திருக்கேன்."

அவள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள். வாடகைக்கு எடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறு மணிக்கு ஆள் வந்துவிடுவான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, அழுத்தி, அடுத்ததை எடுத்தாள். எந்த அவசரமும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை. சுவரோரம் இருந்ததெல்லாம் முடிந்தது, நடுவில் இருந்ததெல்லாம் முடிந்தது. கடைசியில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்தாள். முதுகுச்சட்டத்தின்மேல் கையை வைத்து, அவன் எழுந்திருப்பதற்காக நின்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.