வானொலியில் பெயர் வந்தால் வந்துவிடுவார்

மலக்கி டர்க்கன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் நாக்டரா ஊரில் ஒரு சாவையும் தவறவிடவில்லை. உயிரோடிருந்தபோது அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக முப்பது வருஷம், மந்திரியாக இரண்டு தடவை இருந்தவர். மேற்கு அயர்லாந்தில் ஓட்டுக் கேட்கிறவன் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மறந்துவிடுவார்கள், சாவுக்குப் போகாவிட்டால் மறக்கமாட்டார்கள். அதனால் காலைச் செய்திக்குப் பிறகு உள்ளூர் வானொலி வாசிக்கும் மரண அறிவிப்புகளை அவர் முகம் மழித்துக்கொண்டே கேட்பார், கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வரிசையில் நின்று, துக்க வீட்டார் ஒவ்வொருவரின் கையையும் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார். அவருடைய சொந்த அடக்கம் முடிந்த அடுத்த வாரம், பால்பண்ணைக்காரர் ஒருவரின் அடக்கத்தில் அதே ஒட்டக நிறக் கோட்டோடு வரிசையில் நின்றார். கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று பாதிரியார் மயங்கி விழுந்தார். அடுத்த சாவில் யாரும் விழவில்லை. அதற்கடுத்த சாவில், மருத்துவமனையில் மகளுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லி அவரிடம் கேட்டார்கள்.

இதற்கிடையே டப்ளினில் நீதிபதிகள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விசாரித்து, கட்டடக்காரர்களிடம் மலக்கி வாங்கியதெல்லாம் லஞ்சம்தான் என்று தலையணை கனத்தில் அறிக்கை வெளியிட்டார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. சிலை வைக்க வேண்டும் என்று பாதிப்பேர், முதியோர் இல்லத்துக்கு வைத்திருந்த அவர் பெயரைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று மீதிப்பேர். இரண்டு கட்சியும் சாவு வீட்டில் அவரிடம் கைகொடுத்துக்கொண்டுதான் இருந்தன. சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்று நகர மன்றம் அவரைக் கூட்டத்துக்கு அழைத்தது. அவர் வரவில்லை. கூட்டங்களுக்கு அவர் உயிரோடிருந்தபோதும் வந்ததில்லை.

கைகொடுக்காதவள் ஒருத்தி மட்டும்தான். அட்ராக்டா மன்னெலியும் அவள் கணவன் ஃபின்டனும் வாங்கிய வீடு 'ஏரிக்காட்சி' குடியிருப்பில் கடைசி வீடு. அந்தப் பக்கத்து நிலம் கோடையில் புல்வெளி, குளிர்காலத்தில் ஏரி. தண்ணீர் அடியிலிருந்து ஊறி மேலே வரும். அங்கே மாடு வாங்குகிறவன்கூட மே மாதத்தில் நிலம் காய்ந்த பிறகுதான் வாங்குவான். அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்ட அனுமதி வாங்கிக் கொடுத்தவர் மலக்கி. குடியிருப்புக்குப் பெயர் வைத்தவன் மட்டும் உண்மை பேசியிருந்தான். மலக்கி உயிரோடிருந்தவரை ஒவ்வொரு ஜனவரியிலும் ஃபின்டன் சமையலறையிலிருந்து தண்ணீரைத் தள்ளிவிட்டு, மதுக்கடைப் பின்னறையில் மக்கள் குறை கேட்கும் அவரிடம் போவான். "ஆள்கிட்ட சொல்லிட்டேன், ஃபின்டன்" என்பார் அவர். எந்த ஆள் என்று ஃபின்டன் கேட்டதில்லை. ஈரச் சுவர் அவன் நெஞ்சுக்குள் இறங்கியது. சாகிற அன்று மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: "என் சாவைச் சாக்கா வெச்சு அந்த ஆளு உன் கையைத் தொடக் கூடாது."

அடக்க ஏற்பாடு செய்கிற கோல்மனுக்கு அது தெரியும். "வானொலியில சொல்லாம விட்டுடலாங்க" என்றான். "பேரு வரலேன்னா அவருக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியாது, சரி. ஊருக்கு?"

"ஊருக்கும் தெரியாதுதான். நீங்க, நானு, பாதிரியார் மட்டும் போதும்."

"என் புருஷன் என்ன திருட்டுப்பொருளா, ஒளிச்சுப் புதைக்க? சத்தமாவே வாசிக்கச் சொல்லு."

வாசித்தார்கள். மழையிலும் மயானம் நிறைந்தது. திறந்த குழிக்கு மேல், அதை வெட்டி முடித்த பக்கத்து வீட்டார் மண்வெட்டிகள் இரண்டைக் குறுக்காக வைத்திருந்தார்கள். ஜெபம் முடிந்து வரிசை நகர்ந்தது. ஆறாவதோ ஏழாவதோ ஆளாக மலக்கி வந்து கையை நீட்டினார். அட்ராக்டா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. செத்தவருக்கு அவசரம் கிடையாது. வரிசை நின்றது. மலக்கியின் தொகுதியை வாரிசாகப் பெற்ற மருமகன் அல்டன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கும் பின்னால், ஹோட்டலில் துக்க விருந்துக்கு வைத்த சூப்பும் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் ஆறிக்கொண்டிருக்கும் கவலையில் ஊரே நின்றது.

"தொட்டு விட்டுடும்மா, நனையறோம்" என்றாள் அடுத்த வீட்டு பாட்ஸி.

"நீ வேணா ரெண்டு தடவை குடு பாட்ஸி, உன் வீடு மேட்டுல இருக்கு."

"செத்தவர்கிட்ட என்ன வீம்பு?" என்றான் அல்டன்.

"செத்தவரு படுத்திருக்கணும் தம்பி. நடமாடுறவரு வேலை செய்யணும்." அட்ராக்டா குனிந்து, குழிமேல் கிடந்த மண்வெட்டி ஒன்றை எடுத்து, நீட்டியிருந்த அந்தக் கையில் திணித்தாள். "இந்தா மலக்கி. உன் ஆள்கிட்ட சொல்லிப் பாத்தாச்சு. இப்ப நீயே மண்ணைப் போடு."

மலக்கி வாழ்நாளில் மண்வெட்டி பிடித்ததெல்லாம் அடிக்கல் நாட்டு விழாக்களில்தான். பழக்கதோஷத்தில் புகைப்படக்காரன் எங்கே என்று திரும்பிப் பார்த்தார். யாரும் படம் எடுக்கவில்லை. ஒரு அள்ளு மண் தள்ளினார், பிறகு இன்னொன்று. ஃபின்டனின் குழியை அவர் ஒருவராகவே மூடி, மேட்டைத் தட்டிச் சமன் செய்துவிட்டுத்தான் போனார். வேலை மோசமில்லை என்று குழி வெட்டியவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஜனவரியில் தண்ணீர் வழக்கம்போல் சமையலறைக்கு வந்தது. அட்ராக்டா ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று வானொலி நிலையத்துக்குப் போன் செய்தாள். மறுநாள் காலை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கும் படகுக்காரர் ஒருவருக்கும் நடுவே, அறிவிப்பாளர் குரல் மாறாமல் வாசித்தார்: ஏரிக்காட்சி குடியிருப்பு, மன்னெலி வீடு, நீண்டநாள் ஈர நோயால் தண்ணீருக்குள் அமைதியாகக் காலமானது. மலர்கள் வேண்டாம்.

தேநீர் கொதிப்பதற்குள் ஒட்டக நிறக் கோட்டு வாசலில் நின்றது, கையை நீட்டிக்கொண்டு. அவள் கதவருகே தயாராக வைத்திருந்த மண்வெட்டியைக் கொடுத்து, ஆறு இருக்கும் திசையைக் காட்டினாள். மலக்கி வெட்ட ஆரம்பித்தார். ஆற்றை எட்டும் வரை நிமிரவில்லை. அமைச்சகம் கால் நூற்றாண்டாக ஆய்வு செய்துகொண்டிருந்த வடிகால் பிப்ரவரி முடிவதற்குள் ஓடியது. அல்டன் வந்து அதைத் திறந்து வைத்து நாடா வெட்டினான்.

பிறகு மற்றவர்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். குண்டும் குழியுமான சாலைகள், கூரை ஒழுகிய பள்ளிக்கூடம், இடிந்த படகுத்துறை எல்லாம் ஒவ்வொன்றாக வானொலியில் காலமாயின. மனிதச் சாவுகளுக்கு வர மலக்கிக்கு நேரமில்லாமல் போயிற்று. அதற்காகச் சிலர் வருத்தப்பட்டார்கள்.

சிலைக் குழுவும் எதிர்க் குழுவும் ஒன்றாகவே அட்ராக்டாவிடம் வந்தன. அவள் கைகொடுத்தால் சிலை, கொடுக்காவிட்டால் பெயரைச் சுரண்டுவது என்று தங்களுக்குள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். மழையில் மலக்கி வாய்க்காலில் அடைந்த பாசியை அள்ளிக்கொண்டிருந்தார்.

"கையெல்லாம் குடுக்கமாட்டேன். அந்த ஆளு திருடன்தான், அதுல மாத்தமில்லை. ஆனா வேலை செய்யற ஆளுக்கு எதுக்குச் சிலை? நல்ல மழைக்கோட்டா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தார்கள். தோள்பட்டையில் கொஞ்சம் இறுக்கம். மற்றபடி அவருக்கு அது சரியாக இருந்தது.