பால் பொங்கும் இடம்

மூன்றாம் கம்பி மறுபடியும் இறங்கியிருந்தது. மண்டபத்தின் பின்னறையில் நின்றுகொண்டு, தங்கையின் கிட்டாரை நாலாவது தடவையாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை பூக்களுக்கு நடுவே கிடந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

"போதும்ணா. விட்டா கம்பியை அறுத்துடுவீங்க" என்றாள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் தங்கைக்கு ஊசி போட வந்தவள், மூன்றே வாரத்தில் அந்தக் கட்டில் ஓரத்திலேயே கிட்டார் பழகிக்கொண்டாள்.

அண்ணன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மயிரிழை பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குவார். இருபத்திரண்டு வயதில் ஒரு கல்யாண மேடையில் விரல் தவறியது. பாட்டைப் பாதியில் விட்டு இறங்கியவர்தான், அப்புறம் நாலு பேர் முன்னால் கிட்டாரைத் தொடவில்லை. தங்கையோ அதே மேடைகளில் முப்பது வருஷம் அடுத்தவர் பாட்டுகளையே வாசித்துத் தீர்த்தாள். "ஊரார் பாட்டை ஊட்டி வளர்க்கிறா" என்று கிண்டல் செய்வார். அவள் அதையே பலகையில் எழுதித் தன் கிட்டார் வகுப்பு வாசலில் மாட்டினாள். கீழே இன்னொரு வரி: 'விரல் இருந்தா போதும், வாங்க.'

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே முதல் பாட்டு. அதை வீடியோவாக எடுத்துப் போனில் அனுப்பிவிடுவாள். அதில் இரண்டாவது அடியில் அடுப்பில் பால் பொங்கும். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு தாளத் தட்டு தாமதமாக வந்து சேர்வாள். அழித்துவிட்டு வேறு எடு என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார்.

"இருக்கட்டும்ணா. டீச்சரே தடுமாறுறாளேன்னு தைரியமா வருவாங்க."

போன வாரம்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் போற அன்னிக்கு எல்லாரும் முதல் பாட்டை வாசிக்கட்டும். என் நாற்காலியில நீ உக்காரு. பாதியில மட்டும் எந்திரிச்சுப் போயிடாதே." சரி என்று தலையாட்டிவிட்டார். சாகக் கிடக்கிறவளிடம் வேறென்ன சொல்வது?

மண்டபத்தில் அவளிடம் பழகியவர்கள் கையில் முப்பத்துநாலு கிட்டார்கள். பேக்கரிக்காரம்மாவின் மடியில் ஒன்று, பஸ் டிரைவரின் தொந்தியின் மேல் ஒன்று. அண்ணன் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினார்.

முதல் அடி ஒழுங்காகப் போனது. இரண்டாவது அடியில் அண்ணன் கச்சிதமாக, நேரத்துக்கு வந்தார்.

அவர் மட்டும்தான் வந்தார். மண்டபமே ஒரு தட்டு கழித்து, ஒரு ஆள் பிசகாமல், சேர்ந்து வந்தது.

காது கொதித்தது. அதே பழைய அவமானம். கை நின்றது, எழுந்திருக்க முழங்கால் நிமிர்ந்தது.

வாசிப்பதை நிறுத்தாமலே டிரைவர் கத்தினார்: "அண்ணே, அங்க பால் பொங்கும்ணே! கொஞ்சம் நின்னு வாங்க!"

யாரோ களுக்கென்று சிரிக்க, சாவு வீடு மொத்தமும் சிரித்தது. நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். தான் அழிக்கச் சொன்ன தப்பைத் தங்கை முப்பத்துநாலு பேர் விரலில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.

பாட்டு சுற்றி மறுபடி இரண்டாவது அடிக்கு வந்தது. கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். எல்லாக் கைகளும் நின்றன. அந்த ஒரு தட்டு நேரம் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்க, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஜெயிச்சுட்டா, கழுதை!" என்றார் வாய்விட்டு.

சுடுகாட்டு வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். நேரமாகிவிட்டதென்று சொல்ல வந்தவரின் செருப்புக்கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் அண்ணன்.

மூன்றாம் கம்பி மறுபடியும் இறங்கியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.