தொட்டியிலிருந்து எடுத்த ஏழு ஃபைல்

பதினொரு மணிக்கு லேபர் ஆபீசில் விசாரணை. பிளாஸ்டிக் அரவை மிஷினில் மாரிசெல்வியின் கை சிக்கிய மார்ச் நாலாம் தேதி அவள் வேலைக்கே வரவில்லை என்று காண்ட்ராக்டர் வானமாமலை எழுதிக் கொடுத்துவிட்டார். வந்தாள் என்பதற்கு எங்கள் தொழிலாளர் சங்கத்தின் வருகைப்பதிவு இருக்கிறது. தினமும் நாங்களே போனில் பதிவது. அதைக் காட்டுகிற வெப்சைட் காலையிலிருந்து திறக்கவில்லை.

ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அதை எழுதியவள் ஷைஸ்தா. பக்கத்துச் செம்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நேற்றுச் சாயங்காலம்தான் சங்கத்தின் புது லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். இன்று கூப்பிட்டதும் சங்கத்துக்கு ஓடிவந்துவிட்டாள்.

"நேத்து ஓடிச்சே அண்ணாச்சி! ஒரே லைப்ரரி ஃபைலு பழசும் புதுசுமா ரெண்டு கெடந்தாத்தான் இப்படி மல்லுக்கட்டும். சர்வர் பழசப் புடிச்சுக்கிடும், நம்ம கேக்குறது அதுல இருக்காது. ஆனா பழசு ஏழையும் நான் தொட்டியில போட்டுட்டேனே."

நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். திரையில் எது தெரிந்தாலும் வாசித்துப் பார்ப்பேன். அவள் போன பிறகு திரை ஓரத்தில் அழித்ததெல்லாம் போய் விழுகிற அந்தக் குப்பைத் தொட்டியையும் திறந்து வாசித்தேன். முப்பது வருஷமாகத் தாராவியில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கிறவனுக்கு, உடையாத சாமான் குப்பையில் கிடந்தால் கை சும்மா இருக்குமா?

"நாந்தான் தாயி திருப்பி எடுத்து வச்சேன். நல்லாத்தான இருந்துச்சு."

ஷைஸ்தா தலையில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள். "பழைய சாமான் பொறுக்குற உங்க பங்கார்க் கடைப் புத்திய இங்கயுமா காட்டணும்?"

சங்க வாசலில் வானமாமலை வந்து நின்றார். "என்னல, படம் ஓடலயா? நேத்து கையெழுத்துப் போடப் படிச்ச பயலுக்கு வெப்சைட்டு கேக்குதோ! மாரிசெல்விய சமாதானமாப் போவச் சொல்லுல."

"போவ மாட்டா" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஷைஸ்தா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயராக வாசித்துப் பழசு ஏழையும் நானே அழித்தேன். அவள் சர்வரை மறுபடி கிளப்பினாள். கொஞ்சநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பக்கம் வந்தது. மாரிசெல்வி, மார்ச் நாலு, காலை எட்டுப் பத்து.

திரையை வாசல் பக்கம் திருப்பினேன். "வாசிங்க."

"மிஷின்ல யாரு வேணாலும் என்னத்தையும் எழுதலாம்ல."

"அன்னைக்கு அவகூட பதிஞ்ச முப்பத்தொரு பேரும் லேபர் ஆபீஸ் வாசல்ல நிக்காங்க. அவுங்ககிட்டச் சொல்லுங்க."

ஷைஸ்தா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். வானமாமலை நகரவில்லை.

"வழிய விடும்" என்றேன். 'ங்க' போடாமல் அவரை மரியாதை குறைத்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை.