முன்கூட்டிச் சொன்ன நன்றி

பல்கலைக்கழக விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது: ஸ்தோத்திரம். குளியலறையில் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம், லிஃப்ட் பாதியில் நிற்காமல் வந்தால் ஸ்தோத்திரம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கண்ணை மூடி நீளமாக ஒன்று. அவள் கண்ணைத் திறப்பதற்குள் தட்டிலிருந்த முட்டை காணாமல் போயிருக்கும். எதிரில் இருப்பவர்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளும் சிரித்து மழுப்பிவிட்டு வெறும் சோற்றைப் பிசைவாள். அறைக்கு வந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்ட நாட்களும் உண்டு.

பஸ் ஏற்றிவிடும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். போகிற இடத்தில் ஆண்டவரை ஒளித்து வைக்காதே, வாயைத் திறந்து சாட்சி சொல். அவளும் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அவர்கள் சபையில் ஜெபம் என்றால் கேட்பது கொஞ்சம், நன்றி சொல்வது மீதி. கேட்டது கைக்கு வரும் முன்பே வந்துவிட்டது என்று சொல்லி நன்றி செலுத்த வேண்டும். அதற்குப் பெயர் விசுவாசம். குழாய் வேலை செய்யும் அவள் அப்பா, வால்வைத் திறக்கும் முன்பே, "தண்ணி வந்துடுச்சு ஆண்டவரே, நன்றி" என்பார். வராவிட்டால் மறுபடி கழற்றி மாட்டுவார். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்ததில்லை.

அந்த விடுதியில் அவளைக் கேலி செய்யாத ஒரே ஆள் அறைத்தோழி தூங்குமூஞ்சி. வகுப்பில் தூங்குவாள், பஸ்ஸில் தூங்குவாள், பல் துலக்கும்போதுகூடச் சுவரில் சாய்ந்திருப்பாள். ஆனால் முட்டை பறிபோன நாளெல்லாம் தன் முட்டையில் பாதியைப் பிய்த்து, ஒன்றும் பேசாமல் அவள் தட்டில் வைப்பாள். சொந்தத் தங்கையாக இருந்தாலும் இவ்வளவு பாசம் வந்திருக்குமா என்று ஸ்தோத்திரம் நினைத்துக்கொள்வாள்.

தூங்குமூஞ்சியின் அப்பா லாரி ஓட்டுபவர். ஒரு சாயங்காலம் அத்தையிடமிருந்து போன் வந்தது. சரக்கு இறக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், காலையில்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்களாம். பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று, பரீட்சை இருந்தால் முடித்துவிட்டே வா என்றும் அத்தை சொல்லிவைத்தாள். மறுநாள் காலை ஆய்வுக்கூடப் பரீட்சை. ஊருக்குக் கடைசி பஸ் இன்னும் சற்று நேரத்தில். தூங்குமூஞ்சி ஒரு காலில் ஷூவோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போறதா வேண்டாமான்னே தெரியல. நீ உங்க சாமிகிட்ட கேளேன். நீ கேட்டா குடுப்பாருல்ல?"

இதற்காகத்தானே ஆண்டவர் என்னை இங்கே கொண்டுவந்தார் என்று ஸ்தோத்திரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். வீட்டில் பழகிய ஜெபம் மடை திறந்து வந்தது. "இவ அப்பாவைத் தொட்டுட்டீங்க ஆண்டவரே. சுகமாக்கிட்டீங்க. அவர் எழுந்து உட்கார்ந்துட்டாரு. நன்றி ஆண்டவரே, நன்றி." கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதில் துளி நடிப்பில்லை.

கண்ணைத் திறந்தபோது தூங்குமூஞ்சி வாய் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, சந்தேகப்படாதே என்றாள் இவள். தூங்குமூஞ்சி ஒரு பெருமூச்சு விட்டு, குனிந்து ஷூவைக் கழற்றினாள். பரீட்சையை முடித்துவிட்டே போகலாம் என்றாள். தோழிக்கும் விசுவாசம் வந்துவிட்டது என்று பூரித்துப்போய், ஸ்தோத்திரம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அம்மா அதைச் சபையில் எல்லோருக்கும் சொன்னாள். அங்கேயும் நன்றி சொன்னார்கள்.

விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து தூங்குமூஞ்சி திரும்பி வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். பக்கத்து அறையில் ஒரு கட்டில் காலியாம், வார்டனிடம் கேட்டுவிட்டாளாம். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஸ்தோத்திரத்துக்கு. மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தவள், கொடியில் கிடந்த தோழியின் துண்டை எடுத்து மடித்து நீட்டினாள்.

துணி அடுக்கி முடித்த பிறகுதான் தூங்குமூஞ்சி அப்பாவைப் பற்றிப் பேசினாள். "ராத்திரி பூரா என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாராம். பாப்பா பஸ் ஏறிட்டாளா, ஏறிட்டாளான்னு. நான் இங்க நல்லாத் தூங்கிட்டிருந்தேன்."

தூங்குமூஞ்சி பெட்டியை மூடிப் பூட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பா எழுந்து உட்கார்ந்துட்டார்னு சொன்னியே, உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

ஆண்டவருடைய சித்தம் வேறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வீட்டில் அதற்கும் வார்த்தைகள் தயாராக இருந்தன. ஆனால் இந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியல. எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம். நான் பஸ் ஏறியிருப்பேன்."

பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எதிர்க்கட்டிலில் மெத்தை சுருட்டியபடி கிடந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் ஸ்தோத்திரம் கண்ணை மூடவில்லை. முட்டை தட்டிலேயே இருந்தது. யாரும் சிரிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவளும் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். உன் கூட இருக்கிற பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாரா, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லலாம் என்றிருக்கிறேன் என்றாள் உற்சாகமாக. இத்தனை நாள் போனை எடுக்காமல் தட்டிக்கழித்தவள் இன்று சொன்னாள். இறந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரியே. ஐயோ பாவம் என்றாள் அம்மா. பிறகு, நாம் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே என்றாள்.

"நடக்காததை நடந்துடுச்சுன்னு சொன்னோம்மா."

"அது விசுவாசம்மா. எல்லாரும் சொல்றதுதானே."

ஸ்தோத்திரம் எதிர்க்கட்டிலைப் பார்த்தாள்.

"இங்க ஒருத்தி அதை அப்படியே நம்பிட்டாம்மா."